கட்டில் காலுக்கு அடியில்

காலைத் தாராளமாக வைங்க தம்பி. சாக்கின் மேலேயே வைங்க. உடைகிற சாமான் எதுவும் உள்ளே இல்லை. கட்டில் கால். ஒரே ஒரு கால்தான். தேவாலாவில் ஏறும்போதே கண்டக்டர் கேட்டார், சாக்கில் என்ன பெருசு என்று. சொன்னேன். "மிச்சக் கட்டில் பின்னாடி பஸ்ல வருதா?" என்றார். பஸ் முழுக்கச் சிரித்தது. சிரிக்கட்டும். நாலு மாசமாக எங்கள் லைனே சிரிக்கிறது.

லைன் என்றால் தெரியும்தானே? எஸ்டேட்டில் வரிசையாகக் கட்டி விடுவார்களே, ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு குடும்பம், அந்தப் பக்கம் ஒரு குடும்பம். அந்த வீட்டில் இருமினால் இந்த வீட்டில் தூக்கம் கலையும். அதுதான் லைன்.

நீங்க ஊட்டிக்கா? நான் அதற்கு முன்னாலேயே பிங்கர்போஸ்டில் இறங்கிவிடுவேன். இன்றைக்குத் திங்கட்கிழமை. கலெக்டரிடம் மனுக் கொடுக்கிற நாள். மனு இதோ, சட்டைப்பையில். மனுவுக்குச் சாட்சி சாக்கில். எழுதிக் கொடுத்தது சகாயராஜ், எங்கள் ரேஷன் கடைக்காரன். "மனுவோட ஜெராக்ஸ் வைப்பாங்கண்ணே, கட்டில் காலையா வைப்பாங்க?" என்று கேட்டான். கண்ணால் பார்த்தால்தானே நம்புவார்கள்.

பணம் காசு கேட்டு எழுதவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் பெண்சாதி அங்கம்மா எதனால் செத்தாள் என்று ஒரு வரி எழுதி, சீல் வைத்துக் கொடுத்தால் போதும். அந்த ஒரு வரியை எடுத்துக்கொண்டு நான் திருப்பூர் போக வேண்டும். அங்கே ஒருத்தியிடம் காட்ட வேண்டும். அவ்வளவுதான்.

என் பேர் மயில்வாகனம். நான் கண்டிப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன். அங்கே பள்ளிக்கூடத்து மாஸ்டர் யாழ்ப்பாணத்துக்காரர், அவர் பேரை அப்பா எனக்கு வைத்துவிட்டார். பன்னிரண்டு வயதில் கப்பலேறி, மண்டபத்தில் முகாமில் கிடந்து, இந்த மலைக்கு வந்து சேர்ந்தோம். இங்கே எல்லாரும் பழனிச்சாமி, சின்னச்சாமி. மயில்வாகனம் என்று இந்த மலையில் நான் ஒருத்தன்தான். தபால்காரர் லைன் நம்பரே பார்க்க மாட்டார். பேரைப் பார்த்தால் நேராக என் வாசலுக்கு வந்துவிடுவார்.

எங்கே விட்டேன்? ஆமாம், கட்டில் கால். அது வந்த மரத்திலிருந்து சொல்ல வேண்டும். லைனுக்குப் பின்னால் ஒரு தேக்கு நின்றது. வெள்ளைக்காரன் போன கையோடு எல்லைக்கு நட்டது என்பார்கள். தொண்ணூற்றொன்றில், ஆடிக் காற்றில் விழுந்தது. விழுந்தது நேராக என் கூரைமேல். மேனேஜர் நல்ல மனுசன். கூரை போனவனே எடுத்துக்கட்டும் என்று நடுத்துண்டை எனக்கே கொடுத்தார். நிலம்பூர் ஆசாரி ஒருவர் வந்து ஒன்பது நாள் தங்கிக் கட்டில் செய்தார். ஒற்றைக் கட்டில். ஒருத்தர்தான் படுக்கலாம். அங்கம்மா படுத்தாள். கொழுந்துக் கூடை சுமந்து அவளுக்கு இடுப்பு போயிருந்தது. நான் கீழே பாயில். முப்பது வருஷம் இப்படித்தான். இதை மனசில் வைத்துக்கொள்ளுங்க தம்பி, பின்னால் வேண்டியிருக்கும். அவள் கட்டிலில், நான் தரையில்.

அந்த இடுப்புக்காக நான் இரண்டு காரியம் செய்தேன். ஒன்று கட்டில். இன்னொன்று டிரம். டிரம் இந்தக் கதைக்கு வேண்டாம். இருந்தாலும் சொல்லிவிடுகிறேன், நடுவில் ஒரு பெண் வந்து அதைப் பற்றிக் கேட்பாள், உங்களுக்குத் தலையும் புரியாது வாலும் புரியாது.

நான் எஸ்டேட்டில் மருந்தடிக்கிற ஆள். முதுகில் டப்பாவைக் கட்டிக்கொண்டு தேயிலைக்குப் பூச்சி மருந்து அடிப்பது. இருபத்தாறு வருஷம் அடித்தேன். பாருங்க, கல்லு மாதிரி இருக்கிறேன். எங்கள் லைனுக்குக் குழாயில் மூன்று நாளைக்கு ஒரு தடவைதான் தண்ணீர். மற்ற நாளில் கீழே ஓடைக்குப் போய்க் குடத்தில் ஏற்ற வேண்டும். எழுபத்திரண்டு படி. அவள் இடுப்பை வைத்துக்கொண்டு எழுபத்திரண்டு படி. நான் ஸ்டோருக்குப் போய் மேனேஜரிடம் கேட்டு ஒரு நீல டிரம் வாங்கி வந்தேன். மருந்து வந்த டிரம்தான். அப்படித்தான் எல்லாரும் வாங்குவார்கள், அதற்குப் போட்டியே நடக்கும். எனக்குக் கொடுத்ததில் நாலு பேருக்கு வயிற்றெரிச்சல். சும்மா அப்படியே வைக்கவில்லை தம்பி. சாம்பல் போட்டு ஏழு தடவை தேய்த்தேன். புளி கரைத்து ஊற்றி ஒரு வாரம் வெயிலில் போட்டேன். பழுத்த கொய்யா மாதிரி ஒரு வாசனை மட்டும் கொஞ்ச நாள் இருந்தது. அப்புறம் அதுவும் போய்விட்டது. எனக்குப் போய்விட்டது. அங்கம்மாதான் ரசம் வைக்கும்போதெல்லாம் சொல்வாள், தண்ணி கசக்குது, கசக்குது என்று. உன் நாக்குதான் கசக்குது என்பேன். சிரிப்பாள். நான் தண்ணீர் அதிகம் குடிக்கிற ஆள் இல்லை. எனக்குக் காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் கடை டீதான்.

சரி. டிரம் முடிந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பெண் வந்தாள். ரிஸ்வானா. எங்கேயோ மரங்களைப் பற்றிப் படிக்கிற ஆராய்ச்சிக்கூடம். தேக்கு மரத்தில் திருகாணி மாதிரி ஒன்றைச் செருகி, பென்சில் கனத்துக்கு ஒரு குச்சியை உருவி எடுப்பாள். அதில் கோடு கோடாக இருக்கும். ஒரு கோடு ஒரு வருஷம். மழை பெய்த வருஷம் தடித்த கோடு, காய்ந்த வருஷம் மெல்லிசு. எங்கள் லைனுக்குப் பின்னால் கிடந்த அந்தப் பழைய அடிக்கட்டையைத் தேடித்தான் வந்தாள். பார்த்தால், நடுவெல்லாம் கரையான் தின்று குழியாகக் கிடக்கிறது. அவளுக்கு வேண்டியது அறுபதுகளின் கோடுகளாம். அதெல்லாம் உள்ளே இருப்பது, போய்விட்டது. வெயிலில் அடிக்கட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள், முகம் சுருங்கிப்போய்.

அங்கம்மாதான் வாசலிலிருந்து சொன்னாள். "ஏம்மா, அந்த மரத்துமேலதான் நான் முப்பது வருசமாப் படுத்துக் கெடக்கேன். வந்து பாரு."

பெண்ணுக்குச் சந்தோஷம். கட்டிலைத் தலைகீழாகப் புரட்டினோம். நாலு காலையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாள். தலைமாட்டு இடதுகாலில் அவள் தேடிய கோடு இருந்தது. அடியில் ஒரு விரற்கடை அறுத்துக்கொள்ளட்டுமா ஐயா என்று கேட்டாள். நான் யோசித்தேன். அங்கம்மா, "அறுத்துக்கம்மா, நானும் வருசா வருசம் குள்ளமாத்தான் ஆகறேன், கட்டிலும் ஆகட்டும்" என்றாள். அறுத்தாள். மிச்சக் காலில் ஒரு கோட்டுக்குப் பென்சிலால் அடையாளமும் போட்டாள்.

போகும்போது தண்ணீர் கேட்டாள். அங்கம்மா சொம்பில் மோந்து கொடுத்தாள். வாயில் வைத்துவிட்டு அந்தப் பெண் விழுங்கவில்லை, துப்பவும் இல்லை. அப்புறம் மரியாதைக்கு விழுங்கினாள். எங்கே பிடிச்ச தண்ணீர், எதிலே வைக்கிறீங்க என்று கேட்டு, டிரம்மைப் போய்ப் பார்த்தாள். ஒரு பாட்டில் எடுத்துக்கிட்டுப் போகட்டுமா, வேறே இடத்துக்கு அனுப்பிப் பார்க்கச் சொல்றேன், அதுவரைக்கும் குடிக்காதீங்க என்றாள். எடுத்துக்கொள் என்றேன். மரம் பார்க்க வந்தவள் மரத்தைப் பார்க்க வேண்டியதுதானே. அது என் குணம் இல்லை, வாய்விட்டுச் சொல்லவில்லை. குடிக்காமல் வேறு என்ன செய்வது, மறுபடி எழுபத்திரண்டு படியா?

ஒரு மாசத்தில் தபாலில் ஒரு கவர் வந்தது. தண்ணீர் சமாச்சாரம். அன்றைக்குப் பார்த்துக் கட்டில் ஒரே ஆட்டம். ஒரு காலில் மட்டும் விரற்கடை குறைந்தால் ஆடாதா? அங்கம்மா திரும்பிப் படுத்தால் டக்கென்று அடிக்கும், எழுந்தால் டக்கென்று அடிக்கும். நான் கவரை நாலாக மடித்து, ஒரு சில்லுப் பலகையோடு சேர்த்துக் காலுக்கு அடியில் செருகினேன். ஆட்டம் நின்றுவிட்டது.

"பிரிச்சுப் பாக்கலையா?" என்றாள்.

"தண்ணியில என்ன இருக்கும், தண்ணிதான் இருக்கும்" என்றேன்.

அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. நல்ல பொம்பளை.

அதற்கு மூன்று மாசத்தில் வயிற்றில் வலி என்று படுத்தாள். பந்தலூர் ஆஸ்பத்திரி, கூடலூர் ஆஸ்பத்திரி, கடைசியில் கோயம்புத்தூர். கட்டி என்றார்கள். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிற எங்கள் பெண் தவமணி லீவு போட்டு வந்து கூடவே இருந்தாள். ஒரே பெண். அங்கே ஒரு டாக்டர், சின்ன வயசு, கேள்விமேல் கேள்வி. வெற்றிலை உண்டா, புகையிலை உண்டா, வீட்டில் யாராவது மருந்தடிக்கிற வேலையா, எந்தத் தண்ணீர் குடிக்கிறீங்க, எதிலே பிடித்து வைக்கிறீங்க. நான் வெளியே டீ குடிக்கப் போய்விட்டேன். தவமணிதான் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் திரும்பி வரும்போது அவள் என்னைப் பார்த்தாள் பாருங்க ஒரு பார்வை. சின்ன வயசில் அவள் ஸ்லேட்டை நான் மிதித்து உடைத்தபோது அப்படிப் பார்த்தாள்.

கொஞ்சம் இருங்க தம்பி. தொண்டை காய்ந்துவிட்டது. கடைத் தண்ணீர்தான், நீங்களும் குடிக்கிறீங்களா? வேண்டாமா? இப்போதெல்லாம் இதுதான் எனக்கு. வீட்டிலும் இதுதான். வயசாகிறது, நாக்கு ருசி மாறிவிட்டது.

நடுவட்டம் தாண்டிவிட்டோமா? பனியில் ஒன்றும் தெரியவில்லை.

அங்கம்மா தை மாசம் போனாள். கட்டிலில்தான். கோயம்புத்தூரிலிருந்து திருப்பிக் கூட்டி வந்துவிட்டோம், அவளே கேட்டாள். கடைசி வாரம் முழுக்கத் தண்ணீர், தண்ணீர் என்றாள். தவமணி எங்கிருந்தோ கேன் தண்ணீர் வாங்கிக் கொண்டுவந்து கரண்டியில் கொடுத்தாள். "இது இனிக்குதுடி" என்றாளாம் மகளிடம். என்னிடம் சொல்லவில்லை. மகளிடம்.

பதினாறாம் நாள் காரியம். சொந்தக்காரர்கள், லைன் சனங்கள், எல்லாரும் வாசலில் இலை போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். பரிமாறிக்கொண்டிருந்த தவமணி வாளியைக் கீழே வைத்தாள். கொல்லைப்பக்கம் போனாள். அந்த டிரம் ததும்பத் ததும்ப நிறைந்திருந்தது, முதல் நாள்தான் குழாய் வந்தது. இரண்டு கையாலும் பிடித்து உருட்டித் தள்ளினாள். அத்தனை தண்ணீரும் வாசல் வழியாக வந்து பந்தியில் உட்கார்ந்தவர்கள் காலை நனைத்தது. அவள் கத்தவில்லை, தம்பி. கத்தியிருந்தால் தேவலை. என் பக்கத்தில் வந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "அம்மா எத்தன தடவ சொல்லிச்சு, கசக்குதுன்னு" என்றாள். பையை எடுத்துக்கொண்டு அன்றைக்கே பஸ் ஏறினாள். அதற்கப்புறம் போனை எடுப்பதில்லை. முழுசாக அடித்து ஓயும். மறுபடி போட்டால் மறுபடி அடித்து ஓயும்.

டிரம் இன்னும் கவிழ்ந்தேதான் கிடக்கிறது. நிமிர்த்தி வைக்கவில்லை. காரணம் என்று ஒன்றும் இல்லை. ஒருத்தனுக்கு எதற்கு அவ்வளவு தண்ணீர்.

அப்புறம்தான் இந்த விஷயமே வருகிறது. சித்திரையில் அந்தப் பெண் ரிஸ்வானா வந்தாள். அங்கம்மா இல்லை என்றதும் வாசலிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள். "தண்ணி ரிப்போர்ட் வந்துச்சா ஐயா? போன் பண்ணிப் பண்ணிப் பார்த்தேன், எடுக்கலையே?" என்றாள். புது நம்பர்களை நான் எடுப்பதில்லை. வந்தது, பார்த்துவிட்டோம், டிரம்மையும் மாற்றிவிட்டோம் என்றேன். அழுகிற பிள்ளையிடம் அதைப் போய் விளக்கிக்கொண்டு இருக்க முடியுமா? அதற்காகச் சொன்னேன்.

மரத்து ரிப்போர்ட்டைக் கையிலேயே கொண்டுவந்திருந்தாள். பிரித்துக் காட்டினாள். ஒரு படம். மலை மாதிரி ஒரு கோடு ஏறி இறங்குகிறது. இது என்னம்மா என்றேன்.

அவள் சொன்னது இது. அறுபத்திரண்டு, அறுபத்து மூன்று வாக்கில் பெரிய தேசங்கள் போட்டி போட்டுக்கொண்டு வானத்தில் அணுகுண்டு வெடித்துச் சோதித்தார்களாம். அதிலிருந்து கிளம்பியது காற்றில் கலந்து உலகம் முழுக்கச் சுற்றியதாம். "மரம் சாப்பிடறது காத்தைத்தான் ஐயா. அந்த வருஷக் காத்துல என்ன இருந்துச்சோ அது அந்த வருஷ வளையத்துல இருக்கும். அழிக்க முடியாது, மாத்தி எழுத முடியாது." உங்கள் கட்டில் காலில் அறுபத்து நாலாம் வருஷ வளையத்தில் அது உச்சத்தில் இருக்கிறது, நாங்கள் தேடியது இதைத்தான் என்றாள்.

நான் எழுந்து நின்றுவிட்டேன் தம்பி. எங்கேயோ பேர் தெரியாத தேசத்தில் வெடித்தது, என் வீட்டுக் கட்டிலில் வந்து உட்கார்ந்திருக்கிறது. அதன்மேல் முப்பது வருஷம் முதுகை வைத்துப் படுத்தவள் யார்? அங்கம்மா. தரையில் படுத்தவன் யார்? நான். செத்தது யார், கல்லு மாதிரி இருப்பது யார்? இதைவிடக் கணக்கு என்ன வேண்டும்? அன்றைக்கு ராத்திரி, எட்டு மாசத்தில்… இல்லை, அப்போது மூன்று மாசம்தான் ஆகியிருந்தது, மூன்று மாசத்தில் முதல் தடவையாக நான் விடியும்வரைக்கும் தூங்கினேன்.

அந்தப் பெண் மறுக்கத்தான் செய்தாள். உட்கார வைத்து, கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "ஐயா, அது துளியிலும் துளி. எல்லா மரத்துலயும் இருக்கு. அந்த வருஷம் பொறந்தவங்க பல்லுல இருக்கு. உங்க பல்லுலயும் இருக்கும். அதனால யாருக்கும் ஒண்ணும் வராது." நான் அறுபத்திரண்டில் பிறந்தவன், என் பல்லைப் பற்றி எனக்குத் தெரியாதா? ஒன்றும் வராது என்று சொல்கிறவர்கள் எல்லாம் படிப்பை முடித்துக்கொண்டு ஊருக்குப் போய்விடுகிறார்கள். கட்டிலில் படுக்கிறவர்கள் நாம்தானே.

லைனில் பரவிவிட்டது. பக்கத்து வீட்டுச் சரோஜா அதே மரத்துப் பலகையில் மணை செய்து வைத்திருந்தாள், அதைக் கொண்டுபோய் ஓடையில் வீசினாள். அப்புறம் அந்தப் பெண் வீட்டுக்கு வீடு போய்ச் சொன்னதும், இறங்கிப் போய் மறுபடி எடுத்துக்கொண்டு வந்தாள். சகாயராஜ் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "பாத்துப் படுண்ணே, புரண்டா வெடிச்சிரும்" என்பான். நான் இப்போதும் தரையில்தான் படுக்கிறேன் என்று அவனுக்குத் தெரியாது. அவனேதான் கடைசியில் மனுவையும் எழுதினான். எழுதிவிட்டுப் பேனாவை மூடாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். "அண்ணே, தவமணிக்கிட்ட நேர்ல போய் ஒரு வார்த்தை பேசிட்டா இதெல்லாம் வேண்டாமே" என்றான். பேசுவதற்குத்தானே தம்பி இந்தக் காகிதமே. வெறும் கையோடு போய் நான் என்ன பேசுவது? கலெக்டர் சீல் இருந்தால் அவள் படிப்பாள். படித்துவிட்டு, குண்டாப்பா, குண்டாலயா என்பாள். ஆமாம்மா, குண்டுதான், நம்ம கையில் என்ன இருந்தது என்பேன். அவ்வளவுதான். அதற்கப்புறம் அவள் பேசாவிட்டாலும் பரவாயில்லை.

காட்டட்டுமா? சாக்கை அவிழ்க்கிறேன், கொஞ்சம் தள்ளி உட்காருங்க. இதோ. ஆசாரி கடைசல் எப்படிப் பிடித்திருக்கிறார் பார்த்தீங்களா? அடியில் பாருங்க, அறுத்த இடம். இந்தப் பென்சில் அடையாளம்தான் அறுபத்து நாலு. தொட்டுப் பாருங்க. பயப்படாதீங்க.

அதுவா? அது கவர். அந்தத் தண்ணீர்க் கவர். நேற்றுக் கட்டில் காலைக் கழற்றும்போது அடியில் ஒட்டிக்கொண்டு வந்தது. ஒன்றரை வருஷம் அவள் கனத்தைத் தாங்கிக்கொண்டு கிடந்ததல்லவா, வட்டமாகத் தழும்பு விழுந்துவிட்டது. எறிய மனசில்லாமல் சாக்கிலேயே போட்டேன். இல்லை, பிரிக்கவில்லை. பிரித்து என்ன செய்ய? கலெக்டருக்கு வேண்டியது மரத்து ரிப்போர்ட். மரம்தானே தம்பி பொய் சொல்லாது. இது யாரோ என்னத்தையோ தட்டச்சு பண்ணி அனுப்பியது.

நீங்க படித்தவர் மாதிரி இருக்கிறீங்க. ஒன்று கேட்கட்டுமா? கலெக்டர் ஆபீசில் எல்லாக் காகிதத்தையும் வாங்கிப் பார்ப்பார்களா? நாம் கொடுக்கிறதை மட்டும்தானா? நாம் கொடுக்கிறதை மட்டும்தான். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

தலைக்குந்தா வந்துவிட்டதா? அப்படியானால் அடுத்தது நம் ஸ்டாப்தான். சாக்கைக் கட்டிவிடுகிறேன். அந்தப் பக்க நுனியைக் கொஞ்சம் பிடிங்க. ஆங், அப்படித்தான். இறுக்க வேண்டாம், திரும்பவும் அவிழ்க்க வேண்டுமே. கண்டக்டர் சார், பிங்கர்போஸ்ட், ஒரு ஆள், ஒரு கட்டில் கால். கொஞ்சம் நிறுத்துங்க, படியில் இறங்க நேரமாகும்.

வருகிறேன் தம்பி. இவ்வளவு நேரம் கேட்டதே பெரிய விஷயம். என்ன? என்ன சொல்றீங்க? சீட்டுக்கு அடியில் ஒரு கவரா?

இல்லையே. அது என்னுது இல்லை.

பேரா? மயில்வாகனம் என்று போட்டிருக்கிறதா? இருக்கும். அந்தப் பேரில் எங்கள் பக்கம் நிறையப் பேர் இருக்கிறார்கள், தம்பி.